தங்கவயலின் ஆழத்தில் விளைந்த விஞ்ஞானம்

கோலார் தங்கவயல் என்றதும் நினைவுக்கு வருவது தங்கமே. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு தொழிலை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, சுமார் 800 டன் தங்கம் அந்தப் பாறையிலிருந்து எடுக்கப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் குடைந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிற்று.

அந்த ஆழம் தங்கத்திற்காக வெட்டப்பட்டது. ஆயினும் தங்கத்தைவிட அரிதான ஒரு பொருளை உலகம் முதன்முதலில் கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளே அப்பொருள்.

ஏன் ஆழம் வேண்டும்?

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது பூமியின் மீது விழுகின்றன. அவற்றில் புரோட்டான்களும், இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும் உண்டு. அவை காற்றிலுள்ள அணுக்கருக்களுடன் பெரும் வேகத்தில் மோதும்போது பையான் என்னும் துகள்கள் சிதறுகின்றன. இன்று ஜெனீவா போன்ற இடங்களில் மாபெரும் இயந்திரங்களைக் கொண்டு நிகழ்த்தப்படும் கன அணுக்கரு மோதல்களை, இயற்கை நம் தலைக்கு மேலே எப்போதும் நிகழ்த்தி வருகிறது. மின்னேற்றம் இல்லாத பையான்கள் உடனே ஒளித்துகள்களாக, அதாவது ஃபோட்டான்களாக, மாறுகின்றன. மின்னேற்றம் உடையவை மியூவான்களாகவும் நியூட்ரினோக்களாகவும் சிதைகின்றன.

ஒளித்துகள்களின் ஆற்றல் பெரும்பாலும் காற்றிலேயே செலவாகிவிடுகிறது. மியூவான்களோ தரையை எட்டுகின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு மியூவான் செல்கிறது. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிச் செல்லும். மிக மிக அரிதாகவே ஏதேனும் ஓர் அணுக்கருவுடன் மோதும். மியூவான்களின் இந்த ஆரவாரத்திற்கிடையே அந்த அரிய மோதலைத் தரைமட்டத்தில் கண்டறிய இயலாது. மியூவான்களைத் தடுக்கும் கெட்டியான கூரை தேவை. கோலாரில் 2.3 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறைக்கூரை, சுமார் 7,000 மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஈடானது.

படிப்படியாக வளர்ந்த ஆராய்ச்சி

இந்த வாய்ப்பை முதலில் உணர்ந்தவர் ஹோமி பாபா. அவருடைய யோசனையின்படி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் 1951-இல் கோலாருக்குச் சென்று, சுரங்கத்தில் மியூவான்களை அளக்கத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி மியாகே, வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோர் ஒவ்வோர் ஆழமாக இறங்கி அளந்தனர். 2,760 மீட்டர் ஆழத்தில் அவர்களது கருவி பல வாரங்கள் இயங்கியும் ஒரு மியூவானைக்கூடப் பதிவு செய்யவில்லை.

எதுவும் கிடைக்காத அந்த முடிவே பெரும் பயனைத் தந்தது. காஸ்மிக் கதிர் மியூவான்கள் அனேகமாக இல்லாத இடத்தில் ஒரு மியூவான் தோன்றினால், அதுவும் பக்கவாட்டிலிருந்து வந்தால், அதனைப் பிறப்பித்தது நியூட்ரினோவாகவே இருக்க வேண்டும். மேலிருந்து தப்பி வரும் மியூவான்கள் ஏறக்குறைய செங்குத்தாகவே வரும். கிடைத்திசையில் வருவதற்கு அவை பல மடங்கு பாறையைக் கடக்க வேண்டும். எனவே ஒளிர்வுப் பிளாஸ்டிக் பலகைகளைச் சுவர்போல எதிரெதிரே நிறுத்தி, இடையே நியான் குழாய்களையும் ஈயத்தையும் வைத்துக் கருவி அமைக்கப்பட்டது. டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இதில் கூட்டாகப் பணிபுரிந்தன. எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், வுல்ஃபெண்டேல் முதலியோர் இக்குழுவில் இருந்தனர்.

1965 ஏப்ரலில் முதல் நிகழ்ச்சி பதிவாயிற்று. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவினரும் இதே தேடலில் ஈடுபட்டிருந்தனர். அவர்களது முதல் நிகழ்ச்சி பிப்ரவரியில் பதிவாகியிருந்தது. ஆனால் கோலார் குழுவினரின் கட்டுரை ஆகஸ்ட் 15-ஆம் தேதியும், மற்றவர்களுடையது ஆகஸ்ட் 30-ஆம் தேதியும் வெளியாயின. ஆகவே இப்பெருமை இரு குழுவினருக்கும் உரியது. பின்னர் கோலார்க் கருவிகள் சிலவற்றில் இரும்புக் காந்தங்களும் சேர்க்கப்பட்டன. காந்தப்புலத்தில் மியூவானின் பாதை வளைவதிலிருந்து அதன் வேகத்தையும் மின்னேற்றத்தையும் அறியலாம்.

புரோட்டான் அழியுமா?

பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான புரோட்டானும் என்றேனும் சிதையக்கூடும் என்று 1970-களில் கொள்கை வகுத்தனர் சிலர். அதன் சராசரி ஆயுள் 1-ஐ அடுத்து 31 சுழிகள் இட்ட அளவு ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டது. அத்தனை ஆண்டுகள் காத்திருக்க இயலாது. ஆனால் அத்தனை துகள்களை ஓரிடத்தில் குவித்து வைக்கலாம். 140 டன் இரும்பில் அதைப்போல் எட்டு மடங்கிற்கும் அதிகமான புரோட்டான்களும் நியூட்ரான்களும் உள்ளன. கொள்கை சரியானால் ஆண்டுக்குச் சுமார் எட்டு சிதைவுகள் நேர வேண்டும்.

1980-இன் இறுதியில் இத்தகைய 140 டன் கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இயங்கத் தொடங்கிற்று. இந்நோக்கத்திற்கென்றே அமைந்த உலகின் முதற்கருவிகளுள் இதுவும் ஒன்று. சில நிகழ்ச்சிகள் சிதைவாக இருக்கலாம் என்று குழுவினர் அறிவித்தனர். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்றைய மதிப்பீட்டின்படி, எதிர்பார்க்கப்பட்ட முக்கியமான சிதைவு முறையில் புரோட்டானின் ஆயுள் அந்த முதல் கணிப்பைவிட ஆயிரம் மடங்கிற்கும் அதிகம். 1990-களின் தொடக்கத்தில் கோலார்ச் சோதனைகள் முடிவுற்றன.

கோலாரில் கண்ட வளிமண்டல நியூட்ரினோக்களே பிற்காலத்தில் பெரும் உண்மையை வெளிப்படுத்தின. அவை வழியில் ஒருவகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுகின்றன என்று 1998-இல் ஜப்பானின் சூப்பர் கமியோக்காண்டே குழு அறிவித்தது. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. இதற்காக 2015-இல் கஜிட்டா நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நீர் இறைப்பு நின்றபோது

சுரங்கத்தின் தரம் குறைந்து, செலவு வரவை மிஞ்சியதால் தங்கவயல் மூடப்பட்டது. நீர் இறைப்பு நின்றதும் ஆழ்நிலைகளில் தண்ணீர் சூழ்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. பெங்களூருக்கு அன்றாடம் ரயிலில் சென்று வேலை செய்வது பலருடைய வாழ்க்கையாயிற்று. நாடும் ஓர் அரிய ஆய்வுக்களத்தை இழந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை ரேமண்ட் டேவிஸ் அளந்த இடம் அது. அங்கும் இறைப்பு நின்று தண்ணீர் புகுந்தது. ஆனால் அம்மாநில அரசு 2006-இல் சுரங்கத்தைப் பெற்று, தண்ணீரை வெளியேற்றி, அதை ஆராய்ச்சிக் கூடமாக்கியது. சுமார் 1,480 மீட்டர் ஆழத்தில் இன்று அங்கு பன்னாட்டு விஞ்ஞானிகள் பணிபுரிகின்றனர். கோலார் ஆய்வு நடந்ததோ அதைவிட அதிக ஆழத்தில்.

கோலாருக்கு ஈடாகத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியுடன் நிலத்தடி ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மலை, நீர், வனவிலங்குகள் பற்றிய அச்சத்தால் மக்கள் எதிர்த்தனர். 2022-இல் தமிழக அரசும் அனுமதி மறுக்கும் நிலையை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி அமைக்கப்பட்டுள்ளது. 2017-இல் ஜார்க்கண்டின் ஜடுகுடா சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் சிறிய ஆய்வகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஒரு பாடம் புலப்படும். வெட்டி முடிந்த சுரங்கத்தைக் காப்பது, புதிய மலையைக் குடைவதைவிட மக்களுக்கும் காட்டுக்கும் குறைந்த இடையூறு தரும். ஆகவே இனி எந்த ஆழ்சுரங்கத்தை மூடுவதாயினும், நீர் இறைப்பை நிறுத்துமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணப்பட வேண்டும்: அங்கு உழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழில் என்ன? அந்த ஆழத்தால் விஞ்ஞானத்துக்கு விளையக்கூடிய பயன் என்ன? தங்கவயலின் மூடும் கணக்கில் இவ்விரண்டுக்கும் உரிய இடம் கிடைத்திருந்தால், அங்குள்ள இளைஞருக்கு வேலையும் நாட்டுக்கு ஆய்வகமும் ஒருங்கே கிடைக்க வழி பிறந்திருக்கும்.