படைத்தவரைப் போற்றுதலும் பறையும்



வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தில் பல சமயத்தாரும் ஒன்றாய் உழைத்து வருகின்றோம். கடவுளைச் சிருஷ்டிகர் என்று கனம்பண்ணுவது எவ்வாறு என்பதைப்பற்றிக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் பேசவேண்டுமென்று பணித்திருக்கிறீர்கள். இது வேதசாத்திரக் கல்லூரிகளுக்கு உரிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை.

நாம் கூடியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை தறியினால் உண்டான ஊர். 1734ஆம் ஆண்டில், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்தோடும் இவ்விடத்தில் நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றினர். சின்னத்தறிப்பேட்டை என்பதே இப்படி மருவிற்று என்பர். கைத்தொழிலால் பிறந்த ஊரில் நின்று படைத்தவரைப்பற்றிப் பேசுவது பொருத்தமே. யாத்திராகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகக் கூறப்படும் பெசலெயேல் குருவுமல்லன், அரசனுமல்லன். பொன்னிலும் மரத்திலும் வேலைசெய்த கைவினைஞன். அவன் காலத்து ஆசரிப்புக் கூடாரத்தின் மேல் விரித்த மூடியோ ஆட்டுக்கடாத் தோலால் ஆனது. தோல் தீட்டு என்று சொல்லும் நம் சபையார் இந்த இடத்தை நிதானித்து வாசிப்பதில்லை.

புதிய ஏற்பாட்டிலும் ஒரு செய்தி உண்டு. யோப்பா பட்டணத்தில் பேதுரு அப்போஸ்தலர் தங்கியிருந்தது சீமோன் என்னும் தோல் பதனிடுபவனுடைய வீட்டில். அத்தொழிலை யூதர்கள் இழிவாகக் கருதினர். அந்த வீட்டு மேல்மாடியிலேதான், கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லலாகாது என்னும் தரிசனம் அவருக்குக் கிடைத்தது. அரண்மனையும் தேவாலயமும் இருக்க, அந்த வெளிப்பாடு தோல் நாற்றம் வீசும் வீட்டைத் தேடி வந்ததே, அது தற்செயல் என்று கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது கடவுளை வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்று முதலில் அறிக்கையிடுகிறோம். அறிக்கையிட்ட வாயோடே, அவர் உண்டாக்கின மனிதனை வேறு வரிசையில் உட்காரச் சொன்னதும் நம் திருச்சபை வரலாற்றில் உண்டு. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று கண்டிப்பாக எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சாதியைவிடச் சபையை விடுவதே எளிதெனக் கண்டனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களுக்குச் சார்பாக எழுதியவர்; அவருடைய கீர்த்தனைகளை நாங்கள் இன்றும் உருகிப் பாடுகிறோம். பாட்டு பாட்டாக இருக்கட்டும்.

இனிப் பறைக்கு வருவோம். மரச்சட்டம், மாட்டுத்தோல், வாட்டுவதற்குச் சிறிது நெருப்பு, அடிப்பதற்கு இரண்டு குச்சிகள். இவற்றுள் படைத்தவர் படைக்காதது எது? ஆயினும் நெடுங்காலம் இக்கருவி ஆலயத்திற்குள் நுழையவில்லை. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர், ‘பறட்டை’ என்று தம்மை அழைத்துக்கொண்டவர், 2005இல் மறையும்வரை நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவர உழைத்தார். கர்நாடக இசையும் மேனாட்டு இசையும் கற்றவர் அவர். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று பேச்சுத்தமிழில் அழைத்தார். ஏழை தன் நாவில் இருக்கும் சொல்லாலேயே படைத்தவரை அழைக்க உரிமையுடையவன் என்பதே அதன் கருத்து. இலக்கணம் பார்ப்போர் முகஞ்சுளித்தனர். கிராமத்துச் சபைகள் பாடின.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு, அதை மறைப்பது முறையன்று. நம் தந்தையர் பலர் பறையைக் கீழே வைத்தது மானத்தினால். சாவு வீட்டில் கூலியின்றி அடிக்கமாட்டோம் என்று மறுத்து அடிபட்டவர்களும் உண்டு. அவர்தம் பிள்ளைகளிடம் சென்று, இது கடவுள் தந்த கருவி, எடுங்கள் என்று எளிதாய்ச் சொல்லிவிட முடியுமா? கட்டாயம் இழிவு, கருவி இழிவன்று என்பது எங்கள் கருத்து. ஆனால் அதை எடுப்பதும் விடுப்பதும் அவரவர் விருப்பமாகவே இருக்கவேண்டும்.

அன்றாட வாழ்விலும் இதே கேள்விதான். கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. அதன் பின்பும் நம்மவர் பாதாளச் சாக்கடைக்குள் மூச்சடைத்து மடிகின்றனர். ஞாயிறன்று படைத்தவரைத் துதித்துவிட்டுத் திங்களன்று அவனை உள்ளே இறக்குகிற கிறிஸ்தவ மேற்பார்வையாளரும் இருக்கலாம். யாரென்று நாங்கள் தேடவில்லை.

சென்ற அறுப்புப் பண்டிகையில், எங்களுள் சிலர் வழிபடும் ஓர் ஆலயத்தில், காணிக்கைப் பவனிக்குப் பறை வேண்டுமென்று கேட்டோம். வாசல்வரை அடிக்கலாம், உள்ளே வேண்டாம் என்றனர். பூசணியும் வாழைத்தாரும் சேவலும் உள்ளே சென்றன. பறை வெளியே நின்றது. அதைவிட எங்களை வருத்தியது, வேண்டாமென்றவர்களுள் முதியவர் ஒருவர் நம்மவராய் இருந்ததே. அவருடைய தகப்பனார் பறையடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். வீட்டிற்குச் சென்று கேட்டபோது, “ஐயா, என் அப்பா கை காய்ப்பு எனக்கு இன்னும் கண்ணிலே நிற்கிறது” என்றார். நாங்கள் மறுமொழி சொல்லவில்லை.

இவ்வாண்டும் கேட்கவிருக்கிறோம். விண்ணப்பம் எழுதியாயிற்று; பதினொருவர் கையொப்பமிட்டுள்ளனர். அப்பெரியவர் இன்னும் இடவில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவரை மீண்டும் காணச் செல்கிறோம்.