பொதுக் குளமும் பொதுக் கணினியும்

தோழர்களே, 2022 மே மாதம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' மீக்கணினியைத் திறந்து வைத்தார்கள். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும். நம்ம வரிப்பணம்.

பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி ஏராளமான செயலிகளுக்கு ஒரே நேரத்தில் பங்கிடணும். அப்படி நிரல் எழுதக் கற்றுத் தர, சென்னை, பாலக்காடு ஐ.ஐ.டி.களில் பயிற்சி மையங்கள் வைத்தார்கள். அங்கே நம்ம சேரிப் புள்ளைங்க எத்தனை பேர்?

மகாத் குளத்தை நகராட்சி பொதுவாக்கிய பிறகும், 1927இல் அம்பேத்கர் இறங்கித்தான் தண்ணி அள்ள வேண்டியிருந்தது. பொதுன்னு எழுதி வச்சா போதாது.

மீக்கணினிக்கு நேரில் போக வேண்டாம். தொலைவிலிருந்தே வேலை கொடுக்கலாம். அப்போ மேலூர் அரசுக் கல்லூரியில் தமிழில், கட்டணமில்லாமல் வகுப்பு நடத்த என்ன தடை? மனு எழுதுவோம். மாணவத் தோழர்கள் கையெழுத்து வாங்கித் தாங்க.