வீட்டுக்குள் பூட்டிய அறை

(அம்பத்தூரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கமும் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். "வர்ச்சுவல் மெஷினில் ஹூனிக்ஸ் போட்டுக்கொண்டால் யாரும் நம்மை வேவு பார்க்க முடியாதா?" என்பது உங்கள் கேள்வி.

முதலில், இப்படிக் கேட்பது குற்றமல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கதவைச் சாத்துபவன் எல்லாம் திருடனா என்ன?

வர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? உங்கள் விண்டோஸுக்குள்ளேயே, வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற சாப்ட்வேர் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது. வீட்டுக்குள் ஒரு தனி அறை மாதிரி. ஹூனிக்ஸில் இரண்டு அறைகள். ஒன்றில் நீங்கள் வேலை செய்கிறீர்கள், மற்றது வாசல். வேலை அறையிலிருந்து போகும் எல்லாமே வாசல் அறை வழியாக, டார் வலையில் மூன்று கம்ப்யூட்டர்களைத் தாண்டித்தான் வெளியே போகும். வேலை அறையில் வைரஸ் புகுந்தாலும் உங்கள் இணைய முகவரி அதற்கு எளிதில் கிடைக்காது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்த அறை இருக்கும் வீடு யாருடையது? விண்டோஸில் ஏற்கெனவே உளவு சாப்ட்வேர் இருந்தால், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், திரையில் தெரியும் ஒவ்வொரு வரியும் அதன் கண்ணில் படும். உள்ளறையில் எத்தனை பூட்டுப் போட்டு என்ன பயன்? கம்பெனி கொடுத்த லேப்டாப்பும் திருட்டு விண்டோஸும் இந்த வகை வீடுகள்தாம்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களுக்காக உழைத்தவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. 2019-ல் அவருடைய கம்ப்யூட்டர் பறிமுதல் செய்யப்பட்டது. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில், 83 வயதில் கைது செய்யப்பட்டார். ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று காவலில் இறந்தார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் வெளியாள் ஊடுருவி ஆவணங்களை வைத்திருக்கிறார் என்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்காக ஆராய்ந்த ஆர்சனல் என்ற அமெரிக்க நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

பூந்தமல்லி தனி நீதிமன்றம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்று எந்த நீதிமன்றத்திலும் கம்ப்யூட்டரும் செல்போனும் சாட்சியாகி விடுகின்றன. ஆகவே வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது ரகசியம் காக்க மட்டுமல்ல, பழி வராமல் காக்கவும்தான்.

என்ன செய்யலாம்? கற்றுக்கொள்ள வர்ச்சுவல் மெஷின் போதும். தாராளமாகப் போட்டுப் பாருங்கள். உண்மையான அவசியம் இருப்பவர்கள், அதாவது பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும், 'டெய்ல்ஸ்' பக்கம் வாருங்கள். 8 ஜிபி பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும். விண்டோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நீங்களாகச் சேமிக்கச் சொன்னால் ஒழிய, நிறுத்தியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதையும் வர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் பழைய ஆபத்து திரும்பிவிடும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

எதை ஓட்டினாலும், உள்ளே போய் உங்கள் சொந்தப் பெயரில் பேஸ்புக்கைத் திறந்தால், நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்!

பூட்டு வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். சாப்ட்வேர்களை அப்டேட் செய்யுங்கள். தெரியாத இணைப்புகளைத் திறக்காதீர்கள். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுங்கள்.