சாலியாற்றின் மரங்களும் பெயர்களும்



கனகசெட்டிக்குளத்துக் கரையில் கட்டுமரம் கண்டு வளர்ந்தோருக்கு மரம் என்றால் கடல் நினைவுக்கு வரும். மரத்திற்குப் பிறந்த மலை உண்டு. அதைக் கடலோரம் சேர்த்த ஆறும் உண்டு. அத்தகைய ஆறுகளுள் ஒன்று சாலியாறு. நீலகிரியின் கூடலூர் வட்டத்து மலைகளில் தோன்றி, நிலம்பூர்க் காடுகளைக் கடந்து, 169 கிலோமீட்டர் ஓடிப் பேப்பூரில் அரபிக்கடலில் கலப்பது. புதுவையோடு ஆட்சியால் இணைந்த மாகிக்குத் தெற்கே, கோழிக்கோட்டை அடுத்த துறைமுகம் அது.

நிலம்பூர்த் தேக்கை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தன. மூங்கிலோடு பிணைத்துப் புணையாக்கி வெள்ளத்தில் விட்டனர். கோழிக்கோட்டுக் கல்லாயி மரச்சந்தை அவ்வாறே செழித்தது. சங்கப் புலவர் ஆண்ட 'புணை' என்னும் சொல்லுக்கு உரை காண விழைவோர் அவ்வாற்றங்கரைக்குச் செல்லலாம்!

ஓக் மரம் அருகிய இங்கிலாந்து தன் கப்பல்களுக்கு மலபார்த் தேக்கை நாடியது. 1806இல் கேப்டன் வாட்சன் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். பெயரளவில் காப்பு; செயலளவில் வெட்டு. அவர் காலத்துத் தேக்கு முற்றுரிமை 1823இல் ஒழிந்தது. 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட போர்க்கப்பலொன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. அதற்கு இட்ட பெயர், ஆங்கில நாவில் திரிந்த 'திருகோணமலை'!

காடு அழிவது கண்ட மலபார் ஆட்சியர் கொனாலி 1840களில் தேக்கை நட்டு வளர்க்க முனைந்தார். ஓடு தடித்த விதைகள் முளைக்க மறுத்தன. முதல் முயற்சிகள் வீணாயின. நாற்று வளர்க்கும் முறையைக் கைவரச் செய்தவர் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனோன். 1855இல் கொனாலி கொலையுண்ட பின்னரும் மேனோன் ஓயவில்லை. 1862வரை அவர் மேற்பார்வையில் நடப்பெற்றவை பத்து லட்சத்திற்கும் மேல். எஞ்சி நிற்கும் 2.31 ஹெக்டேர் பழந்தோட்டத்தின் பெயரோ 'கொனாலி தோட்டம்'! சாத்து மேனோனுக்கு நூல்களிலேனும் இடமுண்டு. குழி தோண்டியவர், யானை நடத்தியவர், வெள்ளத்தில் புணை செலுத்தியவர் எவர்க்கும் அதுவுமில்லை. வெட்டிய மரத்திற்குச் சம்மட்டியால் முத்திரை பொறித்தனர். ஆற்றில் போகும் மரம் எவருடையது என்பது தெரியவேண்டுமல்லவா? அதைச் செலுத்தியவன் பெயரைக் குறித்துவைக்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. ஆற்றின் அழகைப் பாடும் கவிஞர் இவ்வெற்றிடத்தையும் நோக்குதல் வேண்டும்.

2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் சிதைந்தன. மாண்டோர் பலரைச் சாலியாறு நிலம்பூர்வரை கொண்டுவந்தது. மரம் வந்த அதே நீர்வழி. கரையோர ஊரார் இறங்கித் தேடி எடுத்தனர். அடையாளம் தெரியாதவை வயநாட்டுப் புத்துமலையில் எண் பொறித்த கற்களின்கீழ் அடக்கம் செய்யப்பெற்றன. மரபணுச் சோதனைக்குப் பின்னர், அவ்வெண்களுள் சில பெயர்களாயின.