மலைக்குக் கீழேயும் திருத்தணி



இந்த ஊரை விட்டுச் சென்னைக்குக் குடிபோனவன் நான். “நம்ம ஊரில் யாரும் எட்டிப் பார்க்காத இடங்களைப் பற்றிப் பேசு” என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். முருகன் மலையின் 365 படிகளைப் பற்றியோ, வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவைப் பற்றியோ நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை மாயாமாளவகௌளையில் இங்கேதான் பாடினார் என்பதும் சங்கீதம் தெரிந்தவர்கள் அறிந்ததுதான்.

வெளியூர்க்காரர் என்ன செய்கிறார்? வண்டியிலேயே மலை ஏறுகிறார், கும்பிடுகிறார், இறங்குகிறார், திருப்பதிக்குப் போய்விடுகிறார். மலையின் தென்பக்கத்தில் ஒதுக்குப்புறமாக ஏழு சுனைகளும் கன்னியர் கோயிலும் இருப்பது அவருக்குத் தெரியாது. சப்தரிஷிகள் வழிபட்ட இடம் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த பிறகு போங்கள். சித்திரை வெயிலில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்!

ஆனால் இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நந்தியாற்றங்கரையை. அங்கே இருக்கிறது வீரட்டானேசுவரர் கோயில். சின்னக் கோயில்தான். கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பின்பக்கம் சுற்றி வாருங்கள். சுவர் மூலை இல்லாமல் வளைந்து திரும்பும். தூங்கானை மாடம் என்று இதற்குப் பெயர். படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற வளைவு. மலை மேலே முருகனுக்கு முன்னால் சன்னிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு யானை நிற்கிறதே, அதைப் பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை. கீழே இருக்கிற இந்த யானையைப் பார்க்கத்தான் ஆளில்லை.

9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பல்லவர் ஆட்சி முடிகிற நேரம். சோழன் முதலாம் ஆதித்தனிடம் தோற்கப்போகிற அபராஜிதவர்மனின் காலம். நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் இந்தக் கோயிலைக் கட்டுகிறார். அதைப் பாராட்டி ஒரு வெண்பா கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பாடியவர் யார்? அரசனே பாடியது என்று கல்வெட்டே சொல்கிறது! காஞ்சிப் பல்லவர் என்றதும் சமஸ்கிருதப் பட்டயம்தான் நம் நினைவுக்கு வரும். அந்த வம்சத்தின் கடைசிக் காலத்து அரசன், கோயில் கட்டியவனைப் புகழத் தமிழில் வெண்பா எழுதியிருக்கிறான். தளை தட்டாமல் வெண்பா எழுதுவது எவ்வளவு பாடு என்று இந்த மேடையில் இருக்கும் கவிஞர்களைக் கேளுங்கள்.

1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாமும் அந்தப் பக்கம் போனோம். தமிழ் எல்லைக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தோம். திருத்தணி தமிழர் ஊரா என்று ஊரெல்லாம் வாதாடிய அந்த நாளிலும் அரசன் எழுதிய வெண்பா ஆற்றங்கரையில் இருந்துகொண்டுதான் இருந்தது. இன்று நாம் ம.பொ.சி. சாலையில் காய்கறி வாங்குகிறோம், அந்தப் பெயருக்குக் காரணம் கேட்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் மொழிச் சண்டைக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மார்க்கெட்டில் பேரம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். 1888-இல் இங்கே தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானதை நாம் எல்லோரும் சேர்ந்துதான் கொண்டாடுகிறோம். எல்லை வந்து போகும் ஊர் இது. இரண்டு பாஷையும் இங்கே வீட்டுப் பாஷைதான். அப்படிப்பட்ட ஊரில் ஓர் அரசன் எழுதிய கவிதை கல்லிலேயே இருக்கும்போது, அதைப் படித்துக் காட்ட ஒரு பலகைகூட வைக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு நோட்டீஸ் அடிப்பீர்கள் அல்லவா, அதன் அடியில் “நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயிலையும் பார்த்துச் செல்லுங்கள்” என்று ஒரு வரி சேருங்கள். தெலுங்கிலும் போடுங்கள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் படிக்கட்டும். கூடுதல் அச்சுக்கூலி என் பொறுப்பு.