இருவருக்கு நடுவே மூன்றாமவர்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய பெற்றோர்களே, இளைஞர், யுவதிகளே!

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை ஊவா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாடசாலைக்குச் சென்றதால் உயிர் தப்பிய பிள்ளைகளுள் சிலருக்குத் திரும்பி வரப் பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. எஞ்சிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் நெருக்கடியோடு தங்கின. புதிய வீடுகள் கையளிக்கப்படும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இடிந்த வீட்டைத் திரும்பவும் கட்டலாம். ஆனால் இழப்பும் கடனும் பிரிவும் ஒரு குடும்பத்தின் உள்ளே உண்டாக்கும் அழுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலை சரியாத வீடுகளிலும் அந்த அழுத்தம் உண்டு. தொழில் இல்லாத வாப்பா, வெளிநாட்டில் உழைக்கும் உம்மா, நோயாளியான பெரியவர், முடிக்க வேண்டிய குமர்க் காரியம் என்று காரணங்கள் பல. அந்த அழுத்தம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

மரே போவன் என்ற அமெரிக்க உளநல மருத்துவர் 1954ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், நோயாளியை மட்டுமன்றி அவரது குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்க வைத்து அவர்களின் உறவுகளை அவதானித்தார். அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று இது: இருவருக்கிடையிலான உறவில் பதற்றம் கூடும்போது, அவர்கள் தம்மையறியாமல் மூன்றாம் ஒருவரை உள்ளே இழுத்துக் கொள்கிறார்கள். இதனை அவர் உறவு முக்கோணம் என்றார். மூன்றாமவர் வந்ததும் இருவரின் பாரமும் சற்று இலேசாகும். ஆனால் பிணக்கு தீர்வதில்லை. பாரம் தோள் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். உம்மா குவைத்தில் பணிப்பெண்ணாக உழைக்கிறார். வாப்பா வீட்டில் இருக்கிறார். பதினைந்து வயது மகனின் கையில் தொலைபேசி. "அனுப்பிய காசை வாப்பா என்ன செய்தார்? பார்த்துச் சொல்லு மகன்" என்கிறார் உம்மா. "உங்கட உம்மாவுக்கு என்னில் நம்பிக்கை இல்லை என்று நீயே கேட்டுப் பார்" என்கிறார் வாப்பா. உம்மாவுக்கு உண்மை சொன்னால் வாப்பாவுக்குத் துரோகம். மறைத்தால் உம்மாவுக்குத் துரோகம். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்வான்? அவனுக்கு நித்திரை வராது, படிப்பு ஏறாது. பின்னர் அவனுடைய குழப்படியைப் பற்றியே இருவரும் பேசுவார்கள். தங்களுக்கிடையே உள்ளதைப் பேச மாட்டார்கள். கணவன், மனைவி, மாமி என்ற முக்கோணமும், இரு சகோதரர்களுக்கிடையே காணி உறுதியோடு நிற்கும் வாப்பா என்ற முக்கோணமும் இவ்வகையினவே.

அன்பானவர்களே! மூன்றாமவர் இருப்பது குற்றமன்று. அவர் எவ்வாறு நிற்கிறார் என்பதே கேள்வி. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டு சென்று மூட்டிவிடுவது கோள். கோள் சொல்பவன் சுவர்க்கம் நுழைய மாட்டான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதே நாயகம், இருவரை இணக்கப்படுத்துவதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவன் பொய்யன் அல்லன் என்றும் அறிவித்தார்கள். இருவருமே சொல்லைச் சுமந்து செல்பவர்கள்தாம். ஒருவர் நெருப்பைச் சுமக்கிறார், மற்றவர் தண்ணீரைச் சுமக்கிறார்.

ஸஹீஹுல் புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்வு நமக்குப் பெரும் பாடம். நபியவர்கள் தம் மகள் பாத்திமா (ரழி) அவர்களின் வீட்டுக்கு வந்தபோது அலீ (ரழி) அவர்கள் அங்கே இல்லை. தமக்குள் ஏதோ மனத்தாங்கல் ஏற்பட்டதாகவும், அவர் கோபித்துக்கொண்டு வெளியே சென்றதாகவும் மகளார் கூறினார்கள். பெற்ற வாப்பா என்ன செய்தார்கள்? என்ன பிணக்கு என்று விசாரித்ததாகவோ, மருமகனைக் குறை கூறியதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை. அவரைத் தேடி நபியவர்களே பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். மேலாடை நழுவி, உடம்பில் மண் ஒட்டப் படுத்திருந்தவரின் மண்ணைத் தம் கையால் தட்டிவிட்டு, மண்ணின் தந்தையே என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். மகளோடும் உறவு அறவில்லை, மருமகனோடும் அறவில்லை. போவன் இருபதாம் நூற்றாண்டில் கூறியதும் இதுவே: மூன்றாமவர் பக்கம் சாயாது இருவரோடும் உறவாக நின்றால், அந்த இருவரின் பதற்றம் தணியும்.

பிணக்கு முற்றினால், கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் மத்தியஸ்தராக நியமிக்குமாறு சூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனம் பணிக்கிறது. ஏன் இருவர்? ஒருவர் மட்டும் வந்தால் அவர் தம் இரத்தத்தின் பக்கம் சாயக்கூடும். அந்த இடத்துக்கு வளர்ந்தவர்களே அழைக்கப்படுகிறார்கள், பிள்ளைகள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், கணவன் தலாக் கூற நாடும்போது, உறவினர், பெரியவர்களின் துணையோடு இணக்கத்துக்கு முயலும்படி காதியைப் பணித்துள்ளது.

இணக்கம் என்பது வற்புறுத்தல் அன்று. பரீரா (ரழி) அவர்களைப் பிரிந்த கணவர் முகீஸ் அழுதுகொண்டு பின்தொடர்ந்தபோது, நபியவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்றார்கள். அவர் மறுத்தார். நபியவர்கள் அம்முடிவை மதித்தார்கள்.

பெற்றோர்களே! உங்கள் தூதை உங்கள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். கணவரிடம் சொல்ல வேண்டியதைக் கணவரிடமே, மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனைவியிடமே சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது காசுக் கணக்கைத் துணையோடு பேசுங்கள். பிள்ளையிடம் அவனுடைய நாளைப் பற்றிக் கேளுங்கள்.

இளைஞர்களே, யுவதிகளே! நடுவில் நிறுத்தப்படும்போது, "உம்மா, இதை வாப்பாவிடமே சொல்லுங்கள், எனக்கு நீங்கள் இருவரும் வேண்டும்" என்று பணிவோடு சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு அன்று. பெற்றோரின் பிணக்கைத் தீர்ப்பது உங்கள் கடமையும் அன்று; இருவருக்கும் துஆச் செய்வதும் இருவரையும் நேசிப்பதும் உங்கள் கடமை.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. அடியும் கொடுமையும் உள்ள வீட்டில் பக்கம் சாயாதிருப்பது நீதியாகாது. அங்கே பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பே முதலில். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகவே உள்ளது. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கங்கள் உள்ளன. அவற்றை நாடுவது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

மீரியபெத்த மலையைப் பற்றி 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. நம் வீட்டிலும் எச்சரிக்கை உண்டு: பேச வேண்டிய இருவர் பேசாமல், பிள்ளை மட்டும் இருவரிடமும் போய் வந்துகொண்டிருந்தால், அதுவே அந்த எச்சரிக்கை. இன்றிரவே அந்தப் பிள்ளையை நடுவிலிருந்து விடுவித்து, நீங்கள் இருவரும் நேரே பேசத் தொடங்குங்கள்.

வல்ல நாயன் நம் உள்ளங்களை இணைத்து, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.