ஞாய் யாயான குன்று
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அயல்நாட்டுப் பயணத்தில் கண்ட ஆன்மிகக் குடும்பம் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். விமானம் ஏறியது தொடங்கிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆயினும் இலக்கிய வட்டத்தில் சொற்களிலிருந்து தொடங்குவதே முறை எனக் கருதுகிறேன்.

பழந்தமிழில் முறைப்பெயர்கள், அவை யாருக்கு உறவு என்பதையும் தம்முள் கொண்டிருந்தன. என் தாய் 'யாய்'. உன் தாய் 'ஞாய்'. அவன் தாயே 'தாய்'. எந்தை, நுந்தை, தந்தை என்றும், எம்பி, நும்பி, தம்பி என்றும் இவ்வரிசை நீளும். அந்தக் கணக்குப்படி, இன்று நாம் 'என் தாய்' என்பது 'என் அவன்தாய்' என்றாகும் எனச் சொன்னால் வகுப்பில் மாணவியர் சிரிப்பர். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் படைத்த தலைவன், இருவர் அன்னையரும் முன்பின் உறவற்றவர் என்பதிலிருந்தே தன் வியப்பைத் தொடங்குகிறான். அங்கே அயலாரை ஒன்றாக்கியது காதல். காதலும் குருதியும் இல்லாத இடத்தில் ஞாய் யாயாவது கூடுமா?

பவுல் உரோமையர்க்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிச் செல்வர். அதில் ரூபு என்பவனுக்கு வாழ்த்துச் சொல்லும்போது, அவன் தாயைத் தமக்கும் தாய் என்று குறிக்கிறார் பவுல். ஊர் ஊராய் அலைந்த அம்மனிதருக்கு அவள் எங்கே சோறிட்டாள் என்பது எழுதப்படவில்லை. மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. தம்பொருட்டு வீட்டையும் உடன்பிறந்தாரையும் தாய் தந்தையரையும் மக்களையும் நிலங்களையும் விட்டவர் நூறு மடங்கு பெறுவர் என்கிறார் இயேசு. பெறுவனவற்றுள் வீடுகள் உண்டு, உடன்பிறந்தார் உண்டு, தாயர் உண்டு, துன்பங்களும் உண்டு. தந்தையர் மட்டும் இல்லை. ஆணையிடும் தந்தையின் இருக்கை இறைவனுக்கே உரியது, ஆதலின் சீடர் குடும்பத்தில் அது வெறுமையாக விடப்பட்டது என்பர் உரையாளர் சிலர். எனக்கு அவ்விளக்கம் ஏற்புடையதே.

2023-ஆம் ஆண்டுக் கோடையில் பாரிசில் நடந்த ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். அதன்பின் கிடைத்த ஒரு வாரத்தை, பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் குன்றின்மேல் அமைந்த தெய்சே என்னும் சிற்றூரில் கழித்தேன். 1940 ஆகஸ்டில் ரோஜர் சூட்ஸ் என்னும் 25 வயதுச் சுவிஸ் இளைஞர் மிதிவண்டியில் வந்து சேர்ந்த ஊர் அது. இங்கேயே தங்கிவிடும்படி ஒரு மூதாட்டி கேட்டுக்கொண்டதை அவர் வாழ்நாளெல்லாம் நினைவுகூர்ந்தார். அங்கே வாங்கிய வீட்டில் யூதர் உள்ளிட்ட அகதிகளுக்குப் புகலிடம் தந்தார். 1942-இல் வெளியேற வேண்டியதாயிற்று. 1944-இல் திரும்பியபின், அருகிலிருந்த முகாமின் ஜெர்மானியப் போர்க்கைதிகளை வரவேற்று உணவைப் பகிர்ந்துகொண்டார். நேற்றுவரை எவரிடமிருந்து பிறரை ஒளித்தாரோ, அவர்தம் நாட்டவர்க்கே சோறு! போரில் அனாதைகளான சிறுவர்களை அவருடைய தமக்கை ஷெனவியேவ் தாயாக நின்று வளர்த்தார். 1949 உயிர்த்தெழுந்த திருநாளில் எழுவர் வாழ்நாள் உறுதி எடுத்துத் துறவுச் சகோதரராயினர். சீர்திருத்தச் சபையினரால் தொடங்கிய அக்குழுவில் பின்னர்க் கத்தோலிக்கரும் சேர்ந்தனர். நன்கொடை வாங்குவதில்லை, உழைத்தே உண்பது என்பது அவர்கள் நெறி. 1985-இன் இறுதியில் சென்னையிலும் இளைஞர் கூட்டம் ஒன்றை நடத்தினர். இவ்வவையின் மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கலாம்.

நாளுக்கு மூன்று முறை மணியோசை, வழிபாடு, நடுவே நீண்ட மௌனம். எல்லோரும் தரையில் அமர்வர். நமக்கு அது இயல்பு, அவர்களுக்கே முழங்கால் வலி. உணவுக்கு ஒரு கரண்டியும் ஒரு கிண்ணமும். வந்தவர் அனைவர்க்கும் வேலை உண்டு. எனக்கு வாய்த்தது பாத்திரம் துலக்கும் பணி. உடன் துலக்கியவர்கள் கின்ஷாசாவிலிருந்து வந்த செவிலியர் ஒருவர், லிஸ்பன் நகரப் பள்ளி ஆசிரியை ஒருவர், எழுபதைக் கடந்த போலந்து மூதாட்டி ஒருவர்.

மூன்றாம் நாள் அச்செவிலியர், "உங்கள் மொழியில் என்னை எப்படி அழைப்பீர்கள்?" என்றார். "உங்கள் வயது என்ன?" என்றேன். அவர் திகைத்தார். மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் தமிழில் முறைசொல்லி அழைக்க இயலாது என்று விளக்கினேன். ஈரக் கைகளை விரித்துப் பிறந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தோம். அவர் இரண்டாண்டு மூத்தவர், அக்காவானார். போலந்து மூதாட்டிக்கு அச்சொல்லின் ஓசை மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் என்னையும் அக்கா என்றார். குப்பை எடுக்கவந்த இருபது வயதுப் பெண்ணையும் அக்கா என்றார். இலக்கண ஆசிரியை ஆதலால் திருத்த எழுந்தது என் நா, அடக்கிக்கொண்டேன். எல்லோரும் அக்கா ஆகிவிட்டால் அங்கே இளையவர் என்று எவருமில்லை. இதைத் தொல்காப்பியர் ஒப்புவாரோ, அறியேன்.

வியாழன் இரவு ஊரிலிருந்து செய்தி வந்தது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். எனக்கு விமானம் திங்களன்று. உணவுக் கூடாரத்தின் விசிப்பலகையில் அக்கா விடியுமட்டும் என்னுடன் அமர்ந்திருந்தார். தம்பி அனுப்பிய மருத்துவக் குறிப்புகளை வாங்கிப் படித்து, எது அஞ்சத்தக்கது, எது அஞ்ச வேண்டாதது எனப் பிரித்துச் சொன்னார். காலையில் அவர் கேட்ட கேள்வி: "நம் அம்மா எப்படி இருக்கிறார்?" அவர்கள் ஊர்ப் பேச்சு வழக்காகவும் இருக்கலாம். என் காதில் ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணம் ஒன்று இடம் மாறிற்று. அம்மா தேறி வீடு திரும்பினார்; மறைந்தது 2024-இல். அன்று கின்ஷாசாவிலிருந்து வந்த செய்தியிலும் 'நம்' என்றே இருந்தது.

'சகோதரன்' என்னும் வடசொல்லுக்கு ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பது பொருள். நம் ஆலயங்களில் ஓயாது ஒலிக்கும் சொல் அது. ஆனால் 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் பழைய சபையிலேயே சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தனர். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மிஷனெரிமாரின் அத்தகைய முயற்சியைத் தஞ்சையில் எதிர்த்து எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே அழைத்துவந்து மகன்போல் வளர்த்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடமாக வைத்துப் போற்றுகிறோம். இதையும் உடன் கற்பித்தல் வேண்டும். இன்றும் நம் ஊர்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. ஒரே வயிற்றினர் என்று வாழ்நாளெல்லாம் அழைக்கப்பட்டவர், மண்ணின் வயிற்றில் ஒன்றாகக் கிடக்க இயலவில்லை.

சகோதரர் ரோஜர் 2005 ஆகஸ்டு 16 அன்று, தம் தொண்ணூறாம் வயதில், மாலை வழிபாட்டின்போது மனநலம் குன்றிய ஒரு பெண்ணால் குத்திக் கொல்லப்பட்டார். அடக்க வழிபாட்டில் அப்பெண்ணை மன்னிக்குமாறு இறைவனை வேண்டினர். கதவுகளை அடைக்கவில்லை. சிற்றூரின் பழைய ஆலயத்தை ஒட்டிய கல்லறையில் அவர் துயில்கிறார். குழுவை நிறுவியவர் என்பதற்கான ஆடம்பரம் எதையும் நான் அங்குக் காணவில்லை.

பரிசில் பெற்றவர் பெறாதவர்க்கு வழிகூறுவது ஆற்றுப்படை. எனவே போக விரும்பும் கவிஞர்களுக்குச் சில சொற்கள். பாரிசின் லியோன் நிலையத்தில் விரைவு ரயிலேறி மாக்கோனில் இறங்குக. அங்கிருந்து குன்றுக்குப் பேருந்து உண்டு. ஞாயிறன்று சென்று அடுத்த ஞாயிறு வரை இருத்தல் நன்று. கோடையிலும் இரவு குளிரும், கம்பளி வேண்டும். உணவில் காரம் இராது. சிறு புட்டியில் ஊறுகாய் கொண்டுசெல்க. பாத்திரம் துலக்கும் பணி தந்தால் மறுக்கவேண்டா.